குடிலும் கொட்டகையும்

எளிமையாக வாழ வேண்டும் என்பதை மறுத்துப் பேசுவோர் நம்மிடையே இல்லை. பள்ளிப் பாடநூலிலும் மேடைப் பேச்சிலும் மணமக்களுக்கான வாழ்த்துரையிலும் அந்த அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது. ஆயினும் வீடு கட்டத் தொடங்கும்போதும், மகளுக்கு வரன் அமையும்போதும், தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதும் அந்த அறிவுரை நம் நினைவுக்கு வருவதில்லை. எளிமை என்றால் எதையோ குறைத்துக்கொள்வது, இழப்பது, நாலு பேர் முன்னிலையில் தாழ்ந்து நிற்பது என்று நாம் மனத்துக்குள் பொருள் கொண்டிருப்பதே அதற்குக் காரணம். குறைவை விரும்பி ஏற்க யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தப் பொருள் பிழையானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. எளிமை என்பது பொருத்தம். இடத்துக்கும் காலநிலைக்கும் பயனுக்கும் வருவாய்க்கும் பொருந்தி அமைந்த ஒன்று இயல்பாகவே மிகையற்றதாக இருக்கிறது. மிகையற்று இருப்பதால் கண்ணுக்கும் அழகாக இருக்கிறது. பொருத்தம் இல்லாத இடத்தில் பொருள்கள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே எளிமையின் அழகு பிறப்பதில்லை. இதை விளக்குவதற்கு, வங்கக் கடலில் உள்ள கார் நிக்கோபார் தீவு கண்ட இரண்டு வகை உறைவிடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று குடில், மற்றொன்று கொட்டகை.

நக்கவாரத்துக் குடில்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் தமிழருக்குப் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிப்பிடுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்வோர் சுமார் 3.8 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரின் கடைத்தெருவில் தமிழ் ஒலிக்காத நாள் இல்லை.

அத்தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில் கார் நிக்கோபார் இருக்கிறது. தென்னை நிறைந்த, தட்டையான பவளத் தீவு. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உரிய அனுமதி பெறாமல் வெளியார் அங்கே செல்ல இயலாது. ஆகவே நம் வாசகருள் பெரும்பாலோர் அத்தீவைப் படங்களில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும்.

அத்தீவு மக்களின் மரபான வீடு வட்ட வடிவமானது. பெரிய தேன்கூடு ஒன்றைத் தூண்களின்மீது தூக்கி வைத்ததுபோல் தோன்றும். தூண்கள் ஆள் உயரத்துக்குக் குறையாமல் நிற்கும். புல் வேய்ந்த கூரையே வளைந்து இறங்கிச் சுவராகவும் ஆகிவிடுகிறது. சன்னல் என்று தனியாக ஒன்று இல்லை. தளத்தில் உள்ள திறப்பின் வழியே ஏணியில் ஏறித்தான் உள்ளே செல்ல வேண்டும். இரவில் அந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்ளலாம். கதவும் பூட்டும் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஏணி செய்துவிடுகிறது.

இவ்வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் இவை. உயர்ந்த தளத்தை ஈரமும் ஊரும் பூச்சிகளும் எளிதில் அண்டுவதில்லை. தளத்தின் இடைவெளிகள் வழியே கீழிருந்து காற்று புகுகிறது. தடித்த புற்கூரை வெயிலை உள்ளே விடுவதில்லை. வீட்டின் அடியில் கிடைக்கும் நிழலில் பகல் முழுவதும் அமர்ந்து பேசலாம், பாய் முடையலாம், குழந்தைகளை விளையாட விடலாம். நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் மிகுந்த ஆபத்துக்குரியதாகக் குறிக்கப்பட்ட பகுதியில் இத்தீவுகள் முழுவதும் அடங்கும். ஆணி அறைந்து இறுக்காமல் கட்டிப் பிணைத்த மரச் சட்டகம் நிலம் அதிரும்போது அசைந்து கொடுக்கும்.

வீட்டைப் போலவே பிற பொருள்களும். தாழை வகையைச் சேர்ந்த மரத்தின் ஓலையில் முடைந்த பாய். ஒரே மரத்தைக் குடைந்து, பக்கத்தில் மிதவைக் கட்டை பிணைத்த ஹோடி என்னும் படகு. சௌரா என்னும் சிறு தீவின் பெண்கள் கையால் வனைந்த பானைகள் நிக்கோபார்த் தீவுகள் பலவற்றுக்கும் சென்றன. சௌராவில் பானைக்கு ஏற்ற மண் கிடையாது. அருகிலுள்ள தெரெசா தீவிலிருந்து மண் எடுத்து வந்தார்கள். பானையையும் படகையும் வாங்க மற்றத் தீவினர் கடல் கடந்து சௌராவுக்குச் சென்றார்கள். நல்ல பொருளுக்காக அலைவதும் அதற்கு உரிய விலை தருவதும் எளிய வாழ்வுக்குப் புறம்பானவை அல்ல என்பதை இது காட்டுகிறது. நிக்கோபாரின் குடிலும் பாயும் ஹோடியும் அண்மையில் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

இம்மக்கள் துறவிகள் அல்லர். விருந்து, ஆட்டம், படகுப் பந்தயம் எல்லாம் அவர்கள் வாழ்வில் உண்டு. அன்றாடத்தில் அளவோடும் விழாவில் தாராளமாகவும் வாழ அவர்களால் இயன்றதற்கு ஒரு காரணம், துஹேத் எனப்படும் பெருங்குடும்ப அமைப்பு. தென்னந்தோப்பு துஹேத்துக்குப் பொதுவானது. வீடு கட்டுவதும் விருந்து வைப்பதும் பலர் கை சேர்ந்த வேலை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அறிவிப்பதற்காகப் பொருள் சேர்க்கும் தேவை அங்கே குறைவாகவே இருந்தது.

தகரக் கொட்டகை

2004 டிசம்பர் 26 அன்று காலை அந்த வாழ்வு சிதைந்தது. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் நிக்கோபார்த் தீவுகளின் கடலோர ஊர்களை அழித்தன. கார் நிக்கோபாரும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இரப்பர்த் தோட்டப் பணிக்காகக் குடியமர்ந்திருந்த கச்சாலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். குடில்களும் அலையோடு போயின. நிலநடுக்கத்துக்கு அசைந்து கொடுக்கும் வீடு பேரலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. முன்னோர் செய்த அனைத்தும் எல்லாச் சூழலிலும் காக்கும் என்று நாம் வாதிட வரவில்லை.

உயிர் பிழைத்தவர்களுக்கு உடனடியாகக் கூரை தேவைப்பட்டது. தகரத் தகடுகளால் ஆன தற்காலிகக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுந்தன. அந்த நெருக்கடியில் அதைச் செய்தவர்களைக் குறை கூறுவதற்கு இல்லை. ஆனால் வெப்பமண்டலத் தீவில் தகரத்தின் கீழ் பகலில் இருக்க முடியுமா? வெயிலில் அனலாகக் கொதித்தது; மழையில் பேச்சுக் கேட்காத அளவுக்கு இரைந்தது. பெருங்குடும்பமாக வாழ்ந்தவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று பிரிக்கப்பட்டார்கள். பின்னர் அரசு ஆயிரக்கணக்கான நிரந்தர வீடுகளைக் கட்டித் தந்தது. அவற்றுக்கான கட்டுமானப் பொருள்கள் பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தன. தந்த வீட்டின் அருகிலேயே, காற்று வீசும் மேடைகளையும் சமையற் குடில்களையும் தம் கையால் எழுப்பிக்கொண்டவர்களும் உண்டு.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். குடிலிலும் பொருள்கள் குறைவு; கொட்டகையிலும் குறைவு. குடிலிலும் அலங்காரம் இல்லை, கொட்டகையிலும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து எளிமையை அளந்தால் கொட்டகைதான் கூடுதல் எளிமையானது. ஆனால் குடிலைப் பார்ப்பவர் அழகு என்கிறார். கொட்டகையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. குடில் அந்த மண்ணின் மழைக்கும் வெயிலுக்கும் பொருந்தியது. பழுதானால் அங்கேயே கிடைக்கும் பொருளைக் கொண்டு, அங்கேயே உள்ளவர் கையால் சரி செய்ய முடிந்தது. அதில் வாழ்ந்தவர்கள் அதைத் தாமே தேர்ந்து கட்டினார்கள். கொட்டகையில் இந்த மூன்றும் இல்லை. பொருத்தம், பராமரிக்கும் ஆற்றல், தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் எளிமை. மூன்றும் இல்லாதபோது எஞ்சுவது இல்லாமை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். அடுக்குமாடிக் குடியிருப்பில் குளிர்சாதன அறையில் அமர்ந்துகொண்டு, பிறர் வாழும் குடிலைப் புகழ்வது எளிதல்லவா? எளிதுதான். கார் நிக்கோபாரின் இளைஞர் ஒருவர் தமக்குக் கான்கிரீட் வீடு வேண்டும் என்றால் அது அவருடைய உரிமை. அவர் குடிலிலேயே இருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு எந்தத் தகுதியும் இல்லை. குடிலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வடிவத்தை அன்று. அது எப்படிச் சிந்தித்துக் கட்டப்பட்டதோ அந்த முறையை. அந்த முறையை வைத்து நம் வீட்டையும் அலமாரியையும் வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும். அறிவுரை நமக்குத்தான்.

திடீரென வந்த பணம்

கொட்டகைக்குப் பின் வந்தது பணம். ஒரு காலத்தில் நிக்கோபாரில் தேங்காயே நாணயம்போல் பயன்பட்டது. கப்பலில் வந்த வணிகரிடம் வேண்டிய பொருளைத் தேங்காய் கொடுத்துப் பெற்றார்கள். பிற்காலத்தில் பணப்புழக்கம் வந்தபோதும் அது கொப்பரை விற்ற அளவுக்கே இருந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் இழப்பீடாகப் பெருந்தொகைகள் ஒரே நேரத்தில் வந்தன. தோப்பு துஹேத்துக்குப் பொதுவாக இருந்தது. இழப்பீடோ தனித்தனிக் குடும்பங்களுக்குச் சென்றது. ஆழிப்பேரலைக்கு முன்பும் பின்பும் அம்மக்களிடையே ஆய்வு செய்த மனிதச் சூழலியலாளர் சிம்ரன் ஜித் சிங், இழப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதி இருசக்கர வாகனங்களாகவும் தொலைக்காட்சிகளாகவும் இன்னபிற நுகர்பொருள்களாகவும் மாறியதையும், பொதுவாழ்வின் பிணைப்புகள் தளர்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார்.

இதைப் படித்து அம்மக்களைக் குறைத்து எண்ண வேண்டியதில்லை. இதே காட்சியைப் பெருநிலத்தின் எந்த வங்கிக் கிளையிலும் காணலாம். நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கு வந்த இழப்பீடு, ஓய்வு பெற்றவரின் பணிக்கொடை, குடும்பத் தலைவர் மறைந்தபின் வந்த காப்பீட்டுத் தொகை என்று பெயர்கள்தாம் வேறு. தொகை கணக்கில் ஏறிய வாரத்திலேயே அறிவுரையாளர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உறவினர் கேட்கிறார், முகவர் அழைக்கிறார், வீட்டிலோ நெடுநாள் ஆசைகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கின்றன. சிந்திக்கக் கால அவகாசம் இல்லாமல் வரும் பணம், தேர்வு செய்யும் ஆற்றலை முதலில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இவ்வாறான தொகை வரும் வாடிக்கையாளருக்கு நாங்கள் சொல்வது ஒன்றே. அவசரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு, மீதியை ஆறு மாத நிரந்தர வைப்பில் போட்டு வையுங்கள். வட்டி எவ்வளவு என்பது அப்போது இரண்டாம் கேள்வி. அந்த ஆறு மாதத்தில் துயரமோ பரவசமோ அடங்கும். கேட்க வந்தவர்களுள் பாதிப் பேர் போய்விடுவார்கள். உண்மையில் எது வேண்டும் என்பது வீட்டில் உள்ளவர்களுக்கே தெளிவாகும். இரவில் ஏணியை மேலே இழுத்துக்கொள்வதுபோல் பணத்துக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

உடையில் எளிமை

வீட்டிலிருந்து உடைக்கு வருவோம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் காந்தியடிகள் தம் மேலாடையையும் தொப்பியையும் துறந்து, முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். ஏழைகளுக்குக் கதர் வாங்கும் வசதி இல்லை என்னும் நிலையில், துணியின் அளவைக் குறைத்துக்கொள்ளும் வழியைத் தாமே முன்னின்று காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1931-இல் இலண்டன் பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்திக்கச் சென்றபோதும் அவ்வுடையிலேயே சென்றார்.

இந்நிகழ்ச்சியில் நாம் வழக்கமாகக் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. தம்முடன் பணியாற்றுவோரும் அதே உடைக்கு மாற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அன்றைய தமிழகத்து உழவருள் பலர் அதே அளவு துணியைத்தான் உடுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு அது வேறு வழியின்மை. காந்தியடிகளுக்கு அது தேர்வு. ஒரே முழத் துணி ஓரிடத்தில் வறுமையாகவும் ஓரிடத்தில் கம்பீரமாகவும் நின்றது. குடிலுக்கும் கொட்டகைக்கும் இடையே கண்ட வேறுபாடு இங்கேயும் இருக்கிறது. எளிமையைப் பிறர்மேல் சுமத்த முடியாது. வாங்க வழியில்லாதவரிடம் எளிமையைப் போதிப்பது அறமும் ஆகாது.

வாங்க வழியுள்ள நம்மைப் பொறுத்தவரை கேள்வி வேறு. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் பருத்தியைவிடப் பொருந்திய துணி எது? மதுரைச் சுங்குடியும் காரைக்குடிக் கண்டாங்கியும் இந்தத் தட்பவெப்பத்துக்கென்றே வளர்ந்தவை. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கண்டாங்கியின் கட்டங்களும் சுங்குடியின் புள்ளிகளும் எவ்வளவு சிறிய வடிவங்கள்! அவற்றின் அழகு குறையப் பேசி நிறையச் சொல்லும் அழகு. துவைக்கத் துவைக்க மெருகேறும் அவற்றை விடுத்து, ஒரே ஒரு வரவேற்புக்காக எடுத்து, அதன்பின் உறையோடு அலமாரியில் தூங்கும் ஆடைகளுக்கு நாம் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதை வீட்டுக்கு வீடு கணக்கிட்டுப் பார்க்கலாம். நல்ல நெசவாளரின் சேலைக்கு உரிய விலை கொடுப்பது ஆடம்பரம் ஆகாது. உடுத்தாத பத்துச் சேலைகளை மலிவாக வாங்குவதும் சிக்கனம் ஆகாது.

கடன் கொடுப்பவர் இதைச் சொல்லலாமா?

கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட வங்கியின் இதழில், செலவைக் குறையுங்கள் என்று எழுதலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் விளம்பரங்கள் வாகனக் கடனையும் தனிநபர்க் கடனையும் கடன் அட்டையையும் பரிந்துரைக்கின்றன என்பது உண்மை. ஆனால் திருப்பிச் செலுத்தத் திணறும் வாடிக்கையாளரால் வங்கிக்கு நன்மை இல்லை. ரிசர்வ் வங்கியும் 2023 நவம்பரில் பிணையற்ற நுகர்வுக் கடன்களுக்கான இடர் எடையை 100 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியது. அதாவது, அவ்வகைக் கடனைக் கொடுக்கும் வங்கி அதற்கெனக் கூடுதல் மூலதனத்தை வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன், கல்விக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் ஆகியவை அந்த உயர்விலிருந்து விலக்கப்பட்டன. எந்தக் கடன் குறித்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்கையோடு இருக்கிறதோ, அதைக் குறித்துக் கடன் பெறுபவரும் எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். திருமண வரவேற்பை விமரிசையாக நடத்த 5 இலட்சம் ரூபாய் தனிநபர்க் கடன் பெறுகிறோம். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, காலம் 5 ஆண்டுகள் என்று கொண்டால் மாதத் தவணை சுமார் 11,122 ரூபாய். முடிவில் நாம் செலுத்தியிருக்கும் தொகை 6,67,000 ரூபாய்க்குச் சற்று மேல். வட்டி மட்டும் 1,67,000 ரூபாய். ஓர் இரவின் விளக்கொளிக்கும் மலர்த் தோரணத்துக்கும் ஐந்தாண்டுத் தவணை. அதே 11,122 ரூபாயைத் திருமணத்துக்கு முன்பே மாதந்தோறும் தொடர் வைப்பில் சேர்த்துவந்தால், வட்டி ஒரு காசும் வராது என்று வைத்துக்கொண்டாலும் 45 மாதங்களில் 5 இலட்சம் கையில் இருக்கும். வட்டியும் சேர்வதால் இன்னும் சில மாதங்கள் முன்னதாகவே அத்தொகை வந்துவிடும்.

கடன் அட்டையில் நிலுவை வைத்தால் நிலைமை மேலும் கடினம். மாதத்துக்கு 3 முதல் 3.5 விழுக்காடு என்று படிக்கும்போது சிறிதாகத் தோன்றும் வட்டி, ஆண்டுக்கு 36 முதல் 42 விழுக்காடு ஆகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். வீக்கம் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. விரலைப் பார்த்துக்கொள் என்றார்கள்.

கப்பலில் வரும் வாழ்வு

தீவில் வாழ்வோருக்கு இந்தப் பாடம் ஓரளவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து, மூன்று நாள் அளவு பயணம் செய்து கப்பல் வருகிறது. சிமெண்டு மூட்டையும் பீரோவும் குளிர்சாதனப் பெட்டியும் அவ்வழியேதான் வர வேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதற்கும் கடற்கரையில் மணல் எடுப்பதற்கும் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. 1883-இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையின் பெயரோடு இணைந்த செந்நிறப் படாக் மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய படாக் நாற்காலியைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. பின்னலை மாற்றி, மெருகேற்றி, பேரப்பிள்ளைகளுக்கு வைக்கலாம்.

தீவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உள்ளே வரும் பொருளுக்குக் கப்பல் இருக்கிறது. பயன்படுத்தி முடித்த குப்பையை வெளியே கொண்டுபோவது அவ்வளவு எளிதன்று. உடைந்த நாற்காலியும் நெகிழிப் புட்டியும் அதே தீவில்தான் கிடக்கும். பெருநிலத்தில் குப்பை லாரி தெருமுனையைத் தாண்டியதும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால் அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கிடங்கில் அது மலையாகக் குவிந்துகொண்டிருக்கிறது. அந்த வகையில் நாம் அனைவரும் தீவில்தான் வாழ்கிறோம்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் பழமொழி. வீடு சிறிதாக இருக்கட்டும், வாழ்வு பெரிதாக இருக்கட்டும் என்று அது வாழ்த்துகிறது. பெருக வாழ்வது என்றால் விருந்தினர் வந்தால் முகம் கோணாமல் சோறு போடுவது. பிள்ளை மேற்படிப்புக்குக் கேட்டால் தயங்காமல் கட்டணம் செலுத்துவது. உடல்நலம் குன்றினால் யாரிடமும் கை நீட்டாமல் மருத்துவம் பார்த்துக்கொள்வது. மாதக் கடைசியிலும் நிம்மதியாகத் தூங்குவது. சுவரில் பதித்த பளிங்கும் கூரையில் தொங்கும் விளக்கும் இவற்றுள் எதையும் தருவதில்லை. சிறுகக் கட்டியவருக்குத்தான் இவற்றுக்குப் பணம் மிஞ்சுகிறது.

ஒரு பொருளை வாங்குமுன் நிக்கோபார்க் குடிலை நினைத்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இது நம் இடத்துக்கும் பழக்கத்துக்கும் பொருந்துமா? பழுதானால் இதைப் பராமரிக்க நம்மால் இயலுமா? இதை நாமே தேர்ந்தெடுக்கிறோமா, அண்டை வீட்டாரும் விளம்பரமும் நமக்காகத் தேர்ந்தெடுக்கிறார்களா? மூன்றுக்கும் மனம் நிறைந்த விடை கிடைத்தால் விலை சற்றுக் கூடுதலானாலும் வாங்கலாம். ஒன்றுக்கேனும் விடை தடுமாறினால், ஒரு மாதம் பொறுத்துவிட்டு அதே கேள்விகளை மீண்டும் கேட்கலாம்.

வாங்கி முடித்தவற்றுக்கும் இதைப் பொருத்திப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த முறை கிளைக்கு வரும்போது கணக்குப் புத்தகத்தைப் பதிவு செய்து வாங்கிச் செல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களோடு அமர்ந்து கடந்த மூன்று மாதப் பற்றுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். நமக்காகச் செலவிட்டவை எவை, பிறர் பார்வைக்காகச் செலவிட்டவை எவை என்று பென்சிலால் குறியுங்கள். இரண்டாம் வகையின் கூட்டுத்தொகையைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை உங்கள் குடும்பமே முடிவு செய்யட்டும்.